தறி ஓடாத நாளில் தட்டிப் பார்த்த சக்கரம்

ஆரணிக்குப் போகிறவர்கள் பட்டுப்புடவை எடுக்கப் போவார்கள், இல்லையென்றால் அரிசி வாங்கப் போவார்கள். நானும் என் மகளும் போனது இரண்டு சைக்கிள் சக்கரங்களைத் தட்டி, அவற்றின் சத்தத்தைக் கேட்பதற்கு. போன காரியம் நல்லபடியாக முடிந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த ஐந்து நாள் நான் பதறியது போதும், படிக்கிறவர்களுக்கும் அது எதற்கு?

காலை ஆறே கால் மணிக்கு வேலூர் பேருந்து நிலையத்தில் ஆரணி வண்டி கிளம்பத் தயாராக நின்றது. சக்கரங்கள் இரண்டையும் பழைய போர்வையில் சுற்றி, கயிறு கட்டி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு ஏறினோம். கண்டக்டர் படியிலேயே மறித்தார்.

"இன்னாமா இது, இவ்ளோ அகலமா கீது?"

"சைக்கிள் சக்கரம்."

"ரெண்டா?"

"ரெண்டு."

"ஏன், ஆரணில சக்கரமே கெடைக்காதுன்னு யாராவது சொன்னாங்களா?" என்றபடி லக்கேஜுக்கும் சேர்த்து டிக்கெட் கிழித்தார். கடைசி இருக்கைக்குப் பின்னால் நிறுத்திக்கொள்ள இடமும் காட்டினார். வாய்தான் அப்படி.

"பின் சக்கரம் மட்டும் போதும்னு தலைபாடா அடிச்சிக்கினேன். கேட்டியா நீ?" என்றாள் கயல்.

"ஜோடியா வாங்கினது. ஜோடியாவே போய் வரட்டும்" என்றேன். அப்போது அதைப் பிடிவாதத்தில்தான் சொன்னேன். பெரிய முன்யோசனை எதுவும் இல்லை.

கயல் என் மகள். இருபது வயது, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. நான் காட்பாடியில் பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். முகூர்த்த மாதத்தில் ஒரு நாள் கடையைப் பூட்டினால் எத்தனை பேர் போனில் திட்டுவார்கள் என்பது தையல்காரர்களுக்குத்தான் தெரியும். அப்படிப் பூட்டிவிட்டுத்தான் கிளம்பினேன்.

இவள் மலைச் சைக்கிள் போட்டிகளில் ஓட்டுகிறாள். மலைச் சைக்கிள் என்றால் ஏலகிரி வளைவுகளில் தார் ரோட்டில் ஏறுவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது இல்லையாம். கல்லும் வேரும் கிடக்கிற காட்டுச் சரிவில் சறுக்கிக்கொண்டு இறங்குவது, நடுவில் பாறை வந்தால் சைக்கிளோடு குதிப்பது. ஒரே ஒரு முறை நடுவழியில் நின்று பார்த்தேன். அதற்குப் பிறகு போட்டி முடிகிற இடத்தில் மட்டும்தான் நிற்கிறேன். இவள் எப்படி வருகிறாள் என்பது எனக்குத் தெரிய வேண்டாம், வந்து சேர்ந்தால் போதும்.

டயர் உட்காருகிற வெளி வளையத்துக்கு ரிம் என்று பெயர். அலுமினிய ரிம்மைக் கற்களில் மோதி மோதி ஒரு வருடத்தில் நசுக்கிவிட்டாள். கார்பன் ரிம் போட்டால் எடை குறையும், மேட்டில் மிதிப்பது லேசாகும், சும்மா சும்மா கோணாது என்றாள். விலை கேட்டேன். பேர் பெற்ற கம்பெனிகளுடைய சக்கரங்கள் ஜோடி ஒரு லட்சத்துக்கும் மேலே. அவளுடைய சைக்கிளே அந்த விலை கிடையாது. பேச்சை அத்தோடு நிறுத்தச் சொன்னேன்.

அப்போதுதான் ஆரணி சம்பத்தைக் கண்டுபிடித்தாள். நான்கு விசைத்தறி வைத்துப் பட்டு நெய்கிறவர். அவருக்கும் மலைச் சைக்கிள் பைத்தியம். நாலைந்து பேருக்குச் சேர்த்து, பேர் போடாத கார்பன் ரிம்களைச் சீனாவிலிருந்து வரவழைப்பார். ஜோடி பத்தொன்பதாயிரம். நம் பழைய சக்கரத்தின் நடுப்பகுதியைக் கொடுத்தால் புதுக் கம்பி கோத்துத் தருவார். "ஒரு முகூர்த்தப் பட்டு எடுக்கற காசுதான்க்கா" என்று போனில் சொன்னார். பட்டுக்காரர் பேச்சு, நான் விழுந்துவிட்டேன். ரிம்மில் அவள் பெயரைப் பச்சை எழுத்தில் ஒட்டி, மேலே வார்னிஷ் வேறு அடித்துக் கொடுத்திருந்தார்.

இரண்டு மாதம் அமிர்தி பக்கத்துக் காட்டுப் பாதைகளில் ஓட்டினாள். "சைக்கிள் தானா ஏறுதும்மா" என்று ஒவ்வொரு முறையும் சொல்வாள். கொடுத்த காசு வீண் போகவில்லை என்று நானும் இருந்தேன். ஆரணிப் பயணத்துக்கு ஐந்து நாள் முன்புதான் பின் சக்கரம் சுற்றும்போதெல்லாம் டிக், டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. உட்கார்ந்து துடைத்துப் பார்த்தேன். அவள் பெயருக்குப் பக்கத்தில் முடி கனத்தில் ஒரு கோடு.

அலுமினியம் வளைந்து காட்டிக்கொடுத்துவிடும். கார்பன் அப்படி இல்லை என்று எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும், ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் உடையும். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை குன்னூர் பக்கத்தில் மாநில அணிக்கான தேர்வுப் போட்டி. மாற்றுச் சக்கரம் கிடையாது. "விரிசல்னா போட்டியும் கிடையாது" என்று சொல்லிவிட்டேன். "வார்னிஷ்ல கீறல், அவ்ளோதான்" என்றாள் அவள். இரண்டு நாள் எங்களுக்குள் பேச்சு வார்த்தையே இல்லை.

மூன்றாம் நாள் நானே சம்பத்தைக் கூப்பிட்டேன். "இன்னிக்கி நாளைக்கி வராதீங்கக்கா" என்றார். "வெள்ளிக்கெழம அமாவாச. அன்னிக்கி வாங்க. காசால தட்டிப் பாத்தாதான் உள்ள பிரிஞ்சிகீதான்னு தெரியும். மத்த நாள்ல இந்தத் தறிச் சத்தத்துல பக்கத்துல பேசறதே கேக்காது. நெசவுக்கு அமாவாச லீவு. அன்னிக்கித்தான் இந்தத் தெருவுல காதுன்னு ஒண்ணு வேல செய்யும்."

அதனால்தான் வெள்ளிக்கிழமை.

கணியம்பாடியில் ஓர் அம்மா ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். மகன் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கப் போகிறாராம். "நீங்களும் பட்டுக்கா?" என்றார். சக்கரத்தைக் காட்டினேன். போர்வையோடு ஒரு கையால் தூக்கிப் பார்த்தவர், "இன்னாம்மா, உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி கீது" என்றார். எல்லாக் கதையும் கேட்டுவிட்டுக் கயலை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்னிடம் தாழ்ந்த குரலில், "காட்ல, கல்லுல ஓட்டறதுக்கு நீங்க உடறீங்களா?" என்று கேட்டார்.

"விடாமலும் இருந்து பார்த்தேன். வீட்டில் இருக்க முடியவில்லை" என்றேன். அவர் சிரித்தார். கண்ணமங்கலம் வரைக்கும் அவர் மகனைப் பற்றிப் பேசினோம், அதற்குப் பிறகு இரண்டு பேரும் தூங்கிவிட்டோம். வேலூரிலிருந்து ஆரணி நாற்பது கிலோமீட்டர்தான். நின்று நின்று போனதில் எட்டு மணி ஆகிவிட்டது.

ஆட்டோக்காரர் எண்பது கேட்டார், எழுபதுக்கு வந்தார். கமண்டல நாக நதியில் தண்ணீர் ஒரு ஓரமாக மட்டும் இருந்தது. நெசவுத் தெருவுக்குள் திரும்பியதும் ஆட்டோக்காரர் எஞ்சினை நிறுத்தி, "கேளுங்க, ஒரு சத்தம் வருதா?" என்றார். அந்த ஊரில் பிறந்த பெருமை அவருக்கு. வரவில்லைதான். வாசலெல்லாம் கழுவி விட்டிருந்தார்கள். காக்கை கத்துவதும், யார் வீட்டிலோ குக்கர் விசிலும் தெருக்கோடி வரைக்கும் தெளிவாகக் கேட்டது. வேறு நாளில் வந்திருந்தால் பக்கத்தில் நிற்கிறவரிடம்கூடக் கத்தித்தான் பேசியிருக்க வேண்டும்.

சம்பத்துக்கு நாற்பது வயது இருக்கும். லுங்கிக்குக் கீழே சைக்கிள் ஓட்டுகிறவர்கள் போடும் இறுக்கமான கால்சட்டை எட்டிப் பார்த்தது. அமாவாசைக்கு அமாவாசை விடியற்காலையில் ஏழெட்டு நெசவாளிகள் சேர்ந்து சைக்கிளில் ஆற்றோரக் கரம்பில் ஒரு சுற்றுப் போய் வருவார்களாம். மாதத்தில் அந்த ஒரு காலைதான் அவர்களுக்குச் சொந்தம்.

"நம்ம ரிம்முல வெரிசலே வராதுக்கா. நான் கேரண்டி. பாத்துட்டு நீங்களே சொல்லுவீங்க" என்று மார் தட்டிக்கொண்டே தறிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். நான்கு தறிகளும் துணி போர்த்தி நின்றன. ஓரத்தில் சக்கர வேலைக்கு ஒரு மேசை. பின் சக்கரத்தின் டயரைக் கழற்றி, உத்தரத்திலிருந்து கயிறு போட்டு, எதிலும் படாமல் தொங்கவிட்டார்.

"ரேவதி, மிக்சிய நிறுத்து."

"வடைக்கு அரைக்கறேன். படையலுக்கு லேட்டாவுது" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. ரேவதி அவர் மனைவி.

"ரெண்டு நிமிஷம்."

மிக்சி நின்றது. ஃபேனையும் நிறுத்தினார். ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து ரிம்மின் மேல் விரற்கடை விரற்கடையாகத் தட்டிக்கொண்டு வந்தார். டங், டங், டங். அந்தக் கோடு இருந்த இடம் நெருங்கியபோது கயல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கீறல்தான் என்று ஐந்து நாளாகச் சாதித்தவள்.

டங். அங்கேயும் அதே சத்தம்தான். இரண்டாம் முறை சுற்றிலும் தட்டினார், எங்கும் சத்தம் மாறவில்லை.

"அப்ப இந்தக் கோடு?" என்றேன்.

சம்பத் கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்தார். மாவுக் கையோடு ரேவதியும் வந்து எட்டிப் பார்த்தார். சம்பத் ஒரு பிளேடின் நுனியால் வார்னிஷை மெல்லச் சுரண்டினார். கோட்டின் முனை எழும்பி வந்தது. இழுத்தார். அரை அடி நீளத்துக்கு ஒரு பட்டு இழை.

ரேவதிக்கு வந்ததே கோபம். "தறி ஓடிகினு இருக்கறப்ப பக்கத்துல வார்னிஷ் அடிக்காத, பிசுறு பறந்து ஒட்டிக்கும்னு அன்னிக்கே சொன்னனா இல்லயா? பாவம், அவங்க வேலூர்லேர்ந்து சக்கரத்தத் தூக்கினு பேஜார்பட்டு வந்துகீறாங்க."

சம்பத் தலையைச் சொறிந்தார். "காய வெக்க வேற எடம் ஏது?" என்றார். டிக் டிக் சத்தத்துக்கும் காரணம் கிடைத்தது. கம்பிகள் ஒன்றன் மேல் ஒன்று உரசும் இடங்கள் வறண்டிருந்தன. "சைக்கிளுக்கு யாராவது சோப்புத் தண்ணி ஊத்தினீங்களா?" என்று கேட்டார். கயல் என்னைப் பார்த்தாள். நான் தறியைப் பார்த்தேன். உரசும் இடங்களில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு, கம்பிகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சரிபார்த்தார். சத்தம் போயே போய்விட்டது.

எனக்கு உயிர் வந்தது. காபி வந்தது. கயலுக்கு வாய் வந்தது. "கீறல்னு சொன்னேன், கேட்டியா? ஒரு நாள் கடை போச்சு" என்று போர்வையை விரித்துச் சக்கரங்களை மூட்டை கட்ட ஆரம்பித்தாள். பத்தரை மணி வண்டியைப் பிடித்துவிடலாம் என்றாள்.

"முன் சக்கரம்?" என்றேன்.

"அதுல ஒண்ணுமே இல்லியேம்மா. கோடு கூட இல்ல."

"ஜல்தியா போவணும்னா போய்ட்டு வாங்கக்கா. அது சொக்கத் தங்கம்" என்றார் சம்பத்.

எனக்கு எரிச்சல் வந்தது. "ரெண்டு தேங்காய் வாங்கினால் ரெண்டையும் தட்டித்தான் வாங்குவேன். இதுக்கும் சேர்த்துத்தானே டிக்கெட் எடுத்தேன், தட்டுங்க" என்றேன். சம்பத் சிரித்துக்கொண்டே டயரைக் கழற்றி அதையும் தொங்கவிட்டு, நாணயத்தைக் கயலிடம் கொடுத்தார். அவள் வேண்டா வெறுப்பாகத் தட்டினாள். டங், டங், டங், டங்.

டொக்.

அவள் கை அப்படியே நின்றது. பின்னால் போய்த் தட்டினாள், டங். முன்னால் வந்தாள், டொக். இன்னும் கொஞ்சம் தள்ளி, டொக். ஒரு சாண் தாண்டியதும் மறுபடியும் டங். என் பையில் எப்போதும் துணியில் குறி போடும் சாக்கட்டி இருக்கும். எடுத்து, சத்தம் மாறுகிற இரண்டு இடங்களிலும் கோடு போட்டேன்.

சம்பத்தின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. கோடுகளுக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்தினார். துளி அமுங்கியது. வெளியே ஒரு கீறல் இல்லை, பளபளப்புக் குறையவில்லை.

"எங்கனா மோதுச்சாம்மா?" என்று கயலிடம் கேட்டார்.

அவள் நாணயத்தை மேசையில் வைத்தாள். பிறகு, "போன மாசம் அமிர்தில ஒரு பாறை எறக்கத்துல. டயர்ல காத்து கம்மியா இருந்துச்சு. டமால்னு ஒரு சத்தம். பாத்தேன், ஒண்ணும் தெரியல. சொன்னா அம்மா அப்பவே நிறுத்திடுவாங்கன்னு…" என்றாள். ஒரு மாதமாக அந்தச் சக்கரத்தில்தான் பாறை பாறையாகக் குதித்திருக்கிறாள்.

சம்பத் கம்பிகளை எல்லாம் அவிழ்த்து, ரிம்மைத் தனியே எடுத்து, சாக்கட்டிக் கோட்டின் மேலேயே இரும்பு ரம்பத்தால் அறுத்தார். கரித்தூள் பறக்கும் என்று எங்களை மூக்கைப் பொத்திக்கொள்ளச் சொன்னார். அறுத்த இடத்தைத் திருப்பிக் காட்டினார். பொரித்த பூரி மாதிரி உள்ளே இரண்டு அடுக்காகப் பிரிந்திருந்தது. என் நகம் உள்ளே போயிற்று.

"பின்னாடிது போனா சறுக்கி உக்காந்துக்கலாம்" என்றார். "முன்னாடிது போனா ஆளு மூஞ்சி குப்புறதான். அதுவும் எறக்கத்துல."

தறிக்குப் பக்கத்தில் கீழேயே உட்கார்ந்து அழுதேன். கயலை நன்றாகத் திட்டினேன், கட்டிப்பிடித்துக்கொண்டும் திட்டினேன். ரேவதி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மாவு புளித்துக்கொண்டிருந்தது.

சம்பத்திடம் சண்டை போட எனக்கு வாயில்லை. இடித்தது என் மகள். பெரிய கம்பெனி ரிம்மாக இருந்தாலும் அந்த இடியில் இதுதான் நடந்திருக்கலாம் என்றார், அதை நான் நம்பினேன். ஆனால் அவருக்கு அது போதவில்லை. வாசலுக்குப் போனவர் தன்னுடைய சைக்கிளின் முன் சக்கரத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்தார்.

"ஒரே லாட்டுல வந்த ரிம்மு. அச்சு மட்டும் வேற. உங்க அச்சுல கோத்துக் குடுத்துடறேன்."

"அடுத்த அமாவாசைக்கு நீ எதுல போவ?" என்றார் ரேவதி.

"அடுத்த லாட்டு வந்தா மாட்டிக்கறேன். அதுவரிக்கும் நடந்து போறேன், தொப்ப கரையும்." அவருக்குத் தொப்பையே கிடையாது. அடுத்த ரிம்முக்கான பணம் என்னுடையது என்று சொல்லி வைத்தேன்.

கம்பி கோக்கும் முன்பு தன் ரிம்மையும் தொங்கவிட்டுக் கயலையே தட்டச் சொன்னார். இந்த முறை அவள் அரை விரற்கடை விட்டு அரை விரற்கடை தட்டினாள். எனக்கும் ஒரு முறை தட்டக் கொடுத்தாள். முழு வட்டமும் ஒரே சத்தம்.

நடுவில் குளித்து, படையல் போட்டு, காக்கைக்கு வைத்துவிட்டு வந்து, வெறும் வயிற்றோடு மறுபடியும் மேசையில் உட்கார்ந்தார் சம்பத். "அத முடிச்சிட்டுத்தான் எல போடுவேன்னா காக்காவே ரெண்டாவது வாட்டி பசிச்சி வரும்" என்று ரேவதி சத்தம் போட்ட பிறகுதான் எழுந்தார். வாழைக்காய் பொரியல், பூசணிக்காய் சாம்பார், வடை, பாயசம். அழுத பிறகு அவ்வளவு பசிக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் மூன்று வடை தின்றேன். சாப்பிட்டு முடித்து இரண்டு மணிக்குச் சக்கரம் தயார்.

நான்கு மணி வண்டியில் காலையில் பார்த்த கல்யாண வீட்டம்மா நான்கு பைகளோடு ஏறினார். "உங்க சக்கரம் இன்னா ஆச்சு?" என்று முதலில் கேட்டது அதைத்தான். சொன்னேன். கேட்டுவிட்டுக் கயலின் தலையில் கை வைத்து எடுத்தார். முன் சக்கரத்தை அவள் போர்வையில் கட்டவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். ஆரணி வரைக்கும் போய் ஒரு ரவிக்கைத் துணிகூட வாங்காமல் திரும்பிய தையல்காரி நானாகத்தான் இருப்பேன். அது கண்ணமங்கலம் தாண்டிய பிறகுதான் நினைவுக்கே வந்தது.

குன்னூரில் நான்காவதாக வந்தாள். மூன்று பேரைத்தான் எடுத்தார்கள். அவள் அழுதாள். நான் முடிகிற இடத்தில் நின்று, சேறு பூசிய அந்த முகத்தில் இரண்டு கண்ணும் ஒரு மூக்கும் எல்லாப் பல்லும் சரியாக இருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எதிரில் சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளக் கூடாதே என்று முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

எங்கள் தெருவில் சத்தம் நிற்கிற நாளே கிடையாது. ஒரு பக்கம் ரயில், ஒரு பக்கம் வெல்டிங் கடை, வீட்டுக்குள் என் தையல் மெஷின். ஆரணியில் சத்தம் அதைவிடப் பெரிது, ஆனால் மாதத்துக்கு ஒரு நாள் நிறுத்துகிறார்கள். அந்த வழக்கத்தை நாங்கள் கொண்டுவந்துவிட்டோம். ஒவ்வொரு முறை காட்டுக்குப் போவதற்கு முந்தின நாளும் கயல், நான் கேட்காமலே, என் பர்சிலிருந்து ஐந்து ரூபாயை எடுத்துக்கொண்டு, "அம்மா, நிறுத்து" என்பாள். மெஷினை நிறுத்துவேன். டி.வி.யையும் ஃபேனையும் அவள் நிறுத்துவாள். மாடிப்படிக் கம்பியில் சக்கரத்தைத் தொங்கவிட்டு அவள் தட்டத் தட்ட, நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். வட்டம் முழுவதும் முடிந்து, தொடங்கின இடத்துக்கு வந்து, கடைசி டங்கும் கேட்ட பிறகுதான், "சரி, போய்ட்டு வா" என்பேன்.